டவாலி யார் பேரைக் கூவினான்? சுப்ரீம் கோர்ட்டின் சொத்துத் தீர்ப்புகள்: ஒரு வாசிப்பு

தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் பாத்திரங்கள் இருக்கிறார்கள். யார் பேசலாம், யாரைப் பற்றிப் பிறர் பேசலாம், யாரைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்கிற ஒழுங்கும் இருக்கிறது. நாவலையும் கவிதையையும் கட்டுடைத்து வாசிக்கிற நாம், நமது நிலத்தையும் கூலியையும் படிப்பையும் தீர்மானித்த இந்தப் பிரதிகளை மட்டும் வக்கீல்கள் கையில் விட்டுவிட்டோம். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது சொத்து, பொருளாதாரம் தொடர்பான அரசியல் சட்டத் தீர்ப்புகளை. வன்கொடுமை வழக்குகளில் கோர்ட்டுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் கீழ்வெண்மணி தொடங்கிப் பேசிவருகிறோம். ரத்தம் தெறிக்காத, குடிசை எரியாத, வெறும் காகிதத்தில் நடந்து முடிந்த வழக்குகளைப் பற்றிப் பேசியது குறைவு. நமக்கு நிலம் வராமல் போனதில் இந்தக் காகிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1

அகப்பாட்டில் வருகிறவர்களுக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. அதே அகத்திணையியலில் இன்னொரு விதியும் இருக்கிறது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்கு உரியவர்கள் அல்லர். கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே வைத்துக்கொள்ளலாம். பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களால் அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் நடக்க முடியாது என்று உரைகாரர் காரணமும் சொல்லிவைத்திருக்கிறார்.

சொத்துத் தீர்ப்புகளை வரிசையாகப் படித்தபோது எனக்கு இந்த விதிதான் நினைவுக்கு வந்தது. ஒரே வித்தியாசம், இங்கே தலைவனுக்குப் பெயர் உண்டு. காமேஸ்வர் சிங் வழக்கு: அவர் தர்பங்கா மகாராஜா. கோலக்நாத் வழக்கு: பஞ்சாபில் 500 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த குடும்பம். கூப்பர் வழக்கு: பாங்குப் பங்குதாரர். கேசவானந்த பாரதி வழக்கு: மடாதிபதி. நாட்டின் அரசியல் சட்ட வரலாறே இவர்கள் பெயரால்தான் நடக்கிறது. அந்த நிலங்களில் நாற்று நட்டவர்கள், உபரி நிலம் தங்களுக்கு வரும் என்று காத்திருந்தவர்கள், வினைவலர்கள், அவர்கள் எந்தத் தலைப்பிலும் இல்லை.

பஞ்சமி நிலம் பற்றிப் பேச ஊர் ஊராகப் போய்வந்த நாட்களில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனியில் கோலக்நாத், கேசவானந்த பாரதி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓர் ஆயா குறுக்கே கேட்டது.

"இன்னாம்மா நீ பாட்டுக்கு அடுக்கிக்கினே போற. கோர்ட்டுல டவாலி பேரச் சொல்லி மூணு வாட்டி கூவுவான். இந்தக் கேசுங்கள்ல நம்ம ஜனத்துல யாரு பேரையாச்சும் கூவுனானா?"

"இல்ல ஆயா."

"அப்பறம் எப்படி அது நம்ம கேசாவும்?"

நம்ம கேசுதான், ஆனால் நம்மைக் கூப்பிடாமல் நடந்த கேசு. ஆயா கேட்ட அந்தக் கேள்வியை ஒவ்வொரு தீர்ப்பிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

2

1951ஆம் ஆண்டில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு அடிகள் விழுந்தன. மார்ச் மாதம் பாட்னா ஹைகோர்ட், பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் செல்லாது என்றது. அந்தச் சட்டப்படி சின்ன ஜமீனுக்கு வருமானத்தைப் போல் அதிக மடங்கு நஷ்டஈடு, பெரிய ஜமீனுக்குக் குறைந்த மடங்கு. இது சமத்துவத்துக்கு விரோதமாம். மகாராஜாவுக்குச் சமத்துவம் மறுக்கப்பட்டதாம்!

ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ.வை அடித்தது. அந்த ஆணைப்படி 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, 'அரிஜனங்கள்' என்று எழுதப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவருக்குச் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. போட்டாலும் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னதே போதுமானதாக இருந்தது. கதவு திறந்தது.

ஒன்று நிலம், இன்னொன்று படிப்பு. இரண்டிலும் ஒரே சொல்தான் ஆயுதம்: சமம். இருப்பவனுக்கும் இருப்பவனுக்கும் இடையில் உள்ள சமத்தைக் கோர்ட் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தது. இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையில் உள்ள பள்ளத்தை அளக்க அந்த அளவுகோல் நீளவில்லை.

அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. படிப்புக்கு 15(4), நிலத்துக்கு 31ஏ, 31பி, ஒன்பதாவது அட்டவணை. நிலமும் இட ஒதுக்கீடும் வேறு வேறு போராட்டம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே திருத்தத்தில்தான் கூரை வேயப்பட்டது. 1994இல் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் போய் ஒதுங்கியதும் நிலச் சட்டங்களுக்காகக் கட்டிய அதே ஒன்பதாவது அட்டவணையில்தான். கூடலூர் ஜன்ம நிலங்கள் தொடர்பாகத் தொடங்கிய கோயல்ஹோ வழக்கில் 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு இந்த அட்டவணைக்குள் வந்த எந்தச் சட்டத்தையும் கோர்ட் பரிசோதிக்கலாம். நிலத்துக்கு வந்த சோதனை இட ஒதுக்கீட்டுக்கும் சோதனைதான்.

3

இப்போது நம் மண்ணின் தீர்ப்புக்கு வருவோம். 1961இல் சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 30 ஏக்கர் என்பதே எவ்வளவு தாராளம் என்று கூலிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதுவும் நிற்கவில்லை. 1964இல் ஏ.பி. கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லாது என்றது.

காரணங்கள் இரண்டு. சட்டம் 'குடும்பம்' என்று கணவன், மனைவி, மைனர் மகன்கள், மணமாகாத மகள்கள் என ஒரு கணக்குச் சொன்னது. இது செயற்கையான குடும்பம், நடைமுறையில் உள்ள குடும்ப முறைகளோடு பொருந்தவில்லை, ஆகவே நிலக்காரர்களுக்குள் பாகுபாடு உண்டாகிறது என்பது ஒன்று. நிலம் கூடக்கூட நஷ்டஈட்டு வீதம் குறைவது பாகுபாடு என்பது இன்னொன்று. இதே காரணங்களுக்காக 1961 டிசம்பரில், காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்துக் கேரளச் சட்டத்தையும் கோர்ட் அடித்திருந்தது. 31ஏ கொடுத்த பாதுகாப்பு 'எஸ்டேட்'டுக்குத்தான், ரயத்துவாரி நிலம் எஸ்டேட் இல்லை என்று அந்தக் கவசமும் கழற்றப்பட்டது.

இலக்கிய மாணவியாக நான் நிற்கிற இடம் 'குடும்பம்' என்கிற சொல். நிலக்காரக் குடும்பத்தின் இலக்கணத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்கிற பிரதியில், அந்த நிலத்தின் வரப்பில் குடிசை போட்டு, ஆண் பண்ணையாளாகவும் பெண் நடவாளாகவும் பிள்ளை மாடு மேய்ப்பதாகவும் இருந்த குடும்பம் குடும்பமாகவே வரவில்லை. அது செயற்கையா இயற்கையா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. சமம் யாருக்கு? மிட்டாதார் வீட்டுக்கும் மிராசுதார் வீட்டுக்கும்.

1964 ஜூனில் 17ஆவது திருத்தம் வந்து ரயத்துவாரி நிலத்தையும் எஸ்டேட் என்றது. சென்னைச் சட்டம் உட்பட 44 சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. சட்டம் பிழைத்துக்கொண்டது. நிலம் பிழைத்ததா? உச்சவரம்பு வரப்போகிறது என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து நிலம் பாகம் பிரிந்தது, டிரஸ்டாகியது, விசுவாசமான ஆள்காரன் பேரில் பினாமியாகியது. வழக்கு நடந்த ஒவ்வொரு நாளும் பத்திரப் பதிவு ஆபீசுக்குக் கிடைத்த அவகாசம். தோற்றாலும் ஜெயிக்கிற வழக்கு என்று ஒன்று உண்டு. நிலக்காரர்கள் போட்ட வழக்குகள் அப்படிப்பட்டவை.

4

காசர்கோட்டை விட்டு இன்னும் நகர முடியாது. அங்கிருக்கிற எடநீர் மடத்தின் தலைவராக இருந்தவர்தான் கேசவானந்த பாரதி. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் மடத்து நிலம் போகிறதென்று கோர்ட்டுக்கு வந்தவர். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு. பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கக் கூடாது. மடாதிபதிக்கு அவர் கேட்டது கிடைக்கவில்லை. அந்த நிலச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் வைத்த 29ஆவது திருத்தத்தைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தக் கோட்பாட்டைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1994இல் பொம்மை வழக்கில் மதச்சார்பின்மை அடிப்படைக் கட்டமைப்பு என்று கோர்ட் சொன்னது. அரசியல் சட்டத்தையே மாற்றிவிடலாம் என்று பேசுகிறவர்கள் நடமாடும் நாட்டில் அந்தக் கூரைக்குக் கீழேதான் நாமும் நிற்கிறோம். ஆனால் கூரை யாருடைய நிலத்தைக் காக்கப் போட்ட வழக்கில் எழும்பியது என்பதை மறந்துவிட்டு நிற்கக் கூடாது.

கேரளத்தின் கதைக்கு மறுபாதி உண்டு. கோர்ட் மட்டுமே குற்றவாளி என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தச் சட்டம் குத்தகைதாரருக்கு நிலத்தைக் கொடுத்தது. தலித்துகளோ பெரும்பாலும் குத்தகைதாரர் அல்லர், கூலிகள். குடியிருப்பு மனை என்று கிராமத்தில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட் வரைதான் அவர்களுக்கு உரிமை. 'உழுபவனுக்கே நிலம்' என்ற கோஷத்தில் உழுபவன் யார் என்று சட்டமன்றம் தீர்மானித்தபோதும் வினைவலர் வெளியேதான் நின்றார்கள். நந்தனார் கதையில் ஒரே ராத்திரியில் நாற்பது வேலியும் விளைந்தது. விளைந்த நிலம் வேதியருடையதாகவே இருந்தது. கடவுளும் கூட அந்தப் பட்டாவை மாற்றவில்லை.

5

நிலத்திலிருந்து தொழிலுக்கு வருவோம். 1969 ஜூலையில் 14 பாங்குகள் அரசுடைமையாயின. பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கம்பெனிக்கு அடிப்படை உரிமை கிடையாதே என்று அரசு சொன்னது. கம்பெனிக்கு இல்லாவிட்டாலும் பங்குதாரருடைய உரிமையும் அடிபடும்போது கதவை மூட முடியாது என்றது கோர்ட். 1970 பிப்ரவரி 10 அன்று பத்துக்கு ஒன்று என்று சட்டம் விழுந்தது. நஷ்டஈட்டைக் கணக்கிட்ட முறை சரியில்லை என்று கோர்ட் உள்ளே புகுந்து பார்த்தது. நான்கே நாளில் அரசு புது ஆர்டினன்ஸ் கொண்டுவந்து, நஷ்டஈட்டைக் கூட்டிக் கொடுத்தது.

2001இல் காட்சி திரும்புகிறது. பால்கோ என்ற அரசு அலுமினியக் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை 551.5 கோடிக்குத் தனியாருக்கு விற்றது மத்திய அரசு. தொழிலாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. பொருளாதாரக் கொள்கையின் நன்மை தீமையை எடைபோடுவது கோர்ட்டின் வேலை இல்லை என்று பதில் வந்தது. அரசு வாங்கும்போது பொருளாதாரம் கோர்ட்டுக்குப் புரிந்தது. விற்கும்போது புரியாமல் போய்விட்டது. வந்து நின்றவர் ஒருமுறை பங்குதாரர், ஒருமுறை தொழிலாளி. இந்த வேறுபாட்டை மறைக்கிற திரைக்குத்தான் 'நீதித்துறையின் சுயகட்டுப்பாடு' என்று பெயர்.

6

காலம் பற்றியும் பேச வேண்டும். கர்நாடகத்தில் 1978இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. அரசு தலித், பழங்குடியினருக்குக் கொடுத்த நிலம் கைமாறியிருந்தால் அதை மீட்டுத் திருப்பிக் கொடுக்கும் சட்டம். பஞ்சமி நிலத்துக்காக நாம் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லும் என்றது. நம் பக்கம் நின்ற தீர்ப்பு, சொல்லத்தான் வேண்டும்.

2017இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கு. நிலத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட 25 ஆண்டு கழித்து வந்திருக்கிறார்கள்; நியாயமான காலத்துக்குள் வர வேண்டும் என்று கோர்ட் அனுப்பிவிட்டது. சட்டத்தில் கால வரம்பு எழுதப்படவில்லை. அந்த வரம்பைத் தீர்ப்பு எழுதியது. கர்நாடக அரசு 2023இல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்க வேண்டிவந்தது.

25 ஆண்டு. நிலம் தன் பேரில் இருந்தது என்பதே பேரனுக்குத் தெரியவர எவ்வளவு நாளாகும்? தாலுகா ஆபீசில் 'அ' பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லி நடக்கிற நடை எத்தனை? பம்பாய்க் கட்டடச் சொந்தக்காரர்களின் சங்கம் போட்ட வழக்கு 1992இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து 2024இல் தீர்ந்தது. 32 ஆண்டு. சொத்துள்ளவருக்காகக் கோர்ட் 32 ஆண்டு காத்திருக்கும். சொத்தைப் பறிகொடுத்தவர் 25 ஆண்டு கழித்து வந்தால் லேட்.

7

அந்த 2024 தீர்ப்பில்தான் நம்முடைய ஆள் ஒருவர் பெயர் வருகிறது. அம்பேத்கர்.

அரசியல் சட்டத்தின் 39(பி) பிரிவு, சமூகத்தின் பொருள் வளங்கள் பொதுநலனுக்கு ஏற்பப் பகிரப்பட வேண்டும் என்கிறது. தனியார் சொத்தும் அந்த 'சமூகத்தின் வளங்களில்' அடங்குமா? அடங்கும் என்று 1977இல் ரங்கநாத ரெட்டி வழக்கில் வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் எல்லாத் தனியார் சொத்தும் அடங்காது என்றார்கள். வளத்தின் தன்மை, அதன் பற்றாக்குறை, சிலர் கையில் அது குவிந்திருப்பது இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். கிருஷ்ணய்யரின் வாசிப்பு அரசியல் சட்டத்தை ஒரே பொருளாதாரச் சித்தாந்தத்தில் கட்டிப்போடுகிறது என்றும், அம்பேத்கர் அப்படிக் கட்டிப்போட விரும்பவில்லை என்றும் வாதம் போகிறது. நீதிபதி நாகரத்னா கிருஷ்ணய்யர் மீதான விமர்சனத்தை ஏற்கவில்லை. நீதிபதி துலியா முழுமையாக மாறுபட்டார்.

அம்பேத்கர் அப்படிச் சொன்னாரா? சொன்னார். 1948 நவம்பர் 15 அன்று, 'சோஷலிச' என்ற சொல்லை அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் சேர்க்கக் கே.டி. ஷா கொண்டுவந்த திருத்தத்தை எதிர்த்துப் பேசியபோது. சமூக, பொருளாதார அமைப்பை எதிர்கால மக்கள் தீர்மானிக்கட்டும் என்றார். ஆனால் அதே பேச்சின் அடுத்த பாதி என்ன? இந்தத் திருத்தம் தேவையில்லை, ஏனென்றால் வழிகாட்டு நெறிகளிலேயே சோஷலிச உள்ளடக்கம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். எடுத்துக் காட்டியது எதை? பின்னால் 39ஆவது பிரிவாக ஆன அதே வாசகத்தைத்தான். பொருள் வளங்களைப் பகிர்வது பற்றிய அதே பகுதியை! எந்தப் பிரிவை அகலமாக வாசிக்கக் கூடாது என்பதற்கு அம்பேத்கரைத் துணைக்கு அழைக்கிறார்களோ, அந்தப் பிரிவைத்தான் அவர் சோஷலிசத்துக்குச் சாட்சியாக நிறுத்தினார்.

இன்னும் ஓராண்டு பின்னால் போனால், 1947இல் பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் சார்பில் அவர் கொடுத்த 'ராஜ்யங்களும் சிறுபான்மையினரும்' இருக்கிறது. முக்கியத் தொழில்கள் அரசுடைமை. இன்சூரன்ஸ் அரசுடைமை. விவசாயம் அரசுத் தொழில். சாதி மத வேறுபாடின்றிக் கிராமத்தார்க்குக் குத்தகை. நிலப்பிரபுவும் இருக்கக் கூடாது, குத்தகைதாரரும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. இதைச் சாதாரணச் சட்டமாக விட்டால் வருகிற பெரும்பான்மை மாற்றிவிடும், அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். குத்தகைச் சட்டங்கள் தீண்டப்படாதோருக்கு உதவாது, அவர்கள் நிலமற்ற கூலிகள் என்றும் எழுதினார். கேரளத்தின் 10 சென்ட் வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே எழுதினார்.

1947இல் அவர் நம் பிரதிநிதியாக எழுதினார். 1948இல் வரைவுக் குழுத் தலைவராக, மற்றவர்கள் ஒப்புக்கொண்ட வாசகத்தைக் காத்துப் பேசினார். இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் அம்பேத்கரைப் பொருளாதாரத்தில் பக்கம் சாராதவராக ஆக்குவது, அவருக்குக் கோட்டு சூட்டுப் போட்டுச் சிலை வைத்துவிட்டு அவர் கையிலுள்ள புத்தகத்தைத் திறக்காமல் விடுவது போலத்தான்.

8

வேறு மாதிரி எழுதவும் இந்தக் கோர்ட்டுக்குத் தெரியும். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அது 23ஆவது பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. அங்கே கூலி அரசியல் சட்ட விஷயமானது. 1997இல் சமதா வழக்கில், ஆந்திரத்தின் பழங்குடிப் பகுதியில் அரசு நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விட முடியாது என்றது. 2014இல் சஃபாய் கர்மசாரி அந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023இல் அது 30 லட்சமானது. இவற்றிலெல்லாம் ஒரு பொது அம்சம் இருக்கிறது. வினைவலர், அல்லது அவர்களுக்காக நின்ற இயக்கம், வழக்கில் ஒரு தரப்பாக இருந்தது. 2003இல் போட்ட மனுவுக்கு 2014இல்தான் தீர்ப்பு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே, கோர்ட் நமக்கு ஆகாது என்று ஒதுங்குவதும் சரியில்லை, அண்ணல் எழுதிய சட்டத்தின் கோயில் என்று கும்பிடுவதும் சரியில்லை. சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். நிலம், விற்பனை, குத்தகை, கூலி பற்றிய பெரிய வழக்கு எதுவானாலும், அதில் இடையீட்டு மனு போட்டு நிலமற்றவரைத் தரப்பாக்க வேண்டும். நஷ்டஈட்டைப் பற்றி அவர்கள் பேசட்டும். கூலிக்காரருக்கு வந்திருக்க வேண்டியதைப் பற்றி நாம் பேசுவோம். சில ஆண்டுகளாகச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் தமிழிலும் வருகின்றன. அவற்றை வாசிப்பு வட்டங்களில் வைத்துப் பத்தி பத்தியாகப் படிக்கலாம். பக்கத்தில் 1947ஆம் வருஷத்து அந்தச் சிறு புத்தகமும் இருக்க வேண்டும்.